பூட்டன் தகரமும் நூதனசாலை டோக்கனும்

“உங்கள் கடிதம் கிடைத்தது. குறிப்பிட்ட பொருளை நேரில் கொண்டுவந்தால் பார்க்கலாம். புதன்கிழமைகளில் காலை அலுவலகத்தில் இருப்பேன்.”

கொழும்பில் பழம்பொருள்கள் வைத்திருக்கும் ஒரு நூதனசாலையிலிருந்து வந்த கடிதம் இவ்வளவுதான். எழுதிய தேதி 24.02.2025. கொட்டகலையில் என் கைக்கு வந்தது 03.03.2025, திங்கட்கிழமை. கொழும்பிலிருந்து கொட்டகலைக்கு ஒரு கடிதம் வர ஏழு நாளா என்று உறையைத் திருப்பித் தபால் முத்திரையைப் பார்த்தேன். முத்திரை சனிக்கிழமையுடையது. தாமதம் தபாலில் இல்லை, எழுதியவரின் மேசையில்தான். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் கடிதத்தை இரண்டாம் முறை படித்தேன். இருபத்தெட்டு வருடம் ஓர் உப தபாலகத்தில் தினமும் காலையில் தேதி முத்திரையை மாற்றியவனுக்கு இந்தக் கவலை போகாது.

கடிதம் சொல்லும் பொருள் ஒரு தகர வில்லை. பழைய இரண்டு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. மேலே ஒரு துளை. முன்பக்கம் பாதி அழிந்த ஓர் ஆங்கில எழுத்தும் அதற்குக் கீழே ஓர் எண்ணும். இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுவந்த காலத்தில், எந்த ஆள் எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று தெரிவதற்காக இப்படி ஒன்றைக் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள் என்று படித்திருக்கிறேன். எழுத்து மாவட்டத்தைக் காட்டும், எண் தோட்டத்தைக் காட்டும். என் மனைவி பரமேஸ்வரியின் பூட்டன் இதைக் கட்டிக்கொண்டுதான் மலையேறினாராம். அவர்கள் குடும்பத்தில் இதற்குப் பெயர் ‘பூட்டன் தகரம்’.

பின்பக்கத்தில் மூன்று கோடுகள் கீறப்பட்டிருக்கின்றன. என் ஆர்வமெல்லாம் அந்தக் கோடுகளில்தான் இருந்தது. ஆள் சேர்த்துக் கூட்டிவந்த ஒவ்வொரு கங்காணியும் தன் ஆட்களின் வில்லையில் தனி அடையாளம் கீறியிருக்க வேண்டும், இது பூட்டனின் கங்காணி போட்ட அடையாளம் என்பது என் முடிவு. இதைப் பற்றி என் கொப்பியில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். நூதனசாலைக்கு எழுதிய கடிதத்திலும் அதைச் சுருக்கிச் சொல்லியிருந்தேன்.

ஆனால் பயணத்துக்குக் காரணம் தகரம் மட்டும் இல்லை. பரமேஸ்வரி முப்பத்து மூன்று வருடம் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு, கடந்த டிசம்பரில் ஓய்வு பெற்றிருந்தாள். என்ன வேண்டும் என்று கேட்டேன். சேலை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன்.

“நாம எங்கெங்க போயிருக்கோம், சொல்லுங்க. கதிர்காமம் நாலு தடவ. முன்னேஸ்வரம் ரெண்டு தடவ. எல்லாம் மடத்துல தரையில படுத்ததுதான். ஒரே ஒரு தடவ சாமி கும்பிடாத பயணமா போவோம். ஓட்டல்ல கட்டில்ல படுத்து, வேற யாராச்சும் போட்டுக் குடுக்குற தேத்தண்ணிய குடிக்கணும். அவ்வளவுதான்.”

கடிதம் வந்த அன்றே திட்டம் போட உட்கார்ந்தேன். அதே கோடு போட்ட கொப்பியில் நாள், நேரம், இடம், கையில் வேண்டியவை என்று நான்கு பத்தி. செவ்வாய் 11ஆம் தேதி பயணம். புதன் நூதனசாலை. வியாழன் போயா, பௌர்ணமி விடுமுறை, நூதனசாலைகள் மூடியிருக்கும், ஆகவே கடற்கரை. வெள்ளி காலை இன்னொரு நூதனசாலை, மதியம் திரும்புதல். பரமேஸ்வரி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“தோட்டத்துக் கண்டாக்கையா காலையில பெரட்டுல நிக்க வச்சு வேலைக்கு ஆள் பிரிக்கிற மாதிரியே இருக்கு. ஆறு மணிக்கு எழும்பல்னு வேற எழுதி வச்சிருக்கீங்க. நான் என்னைக்குங்க ஆறு மணி வரைக்கும் தூங்கியிருக்கேன்?”

தகரம் எங்களிடம் இல்லை. அது அக்கரப்பத்தனையில், அவள் அண்ணன் ராசுவின் வீட்டுச் சாமித் தட்டில் இருந்தது. பங்குனி முதல் சனிக்கிழமை அவர்கள் வீட்டில் முன்னோர்களுக்குப் படையல். தலைவாழை இலையின் நுனியில் முதலில் தகரத்தை வைத்துவிட்டுத்தான் சோறு பரிமாறுவார்கள். இந்த வருடம் அந்தச் சனிக்கிழமை 15ஆம் தேதி. ராசு மச்சான் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுத்தான் தந்தார்.

“நீங்க எழுதுறதெல்லாம் சரிதான் மச்சான். ஆனா சனிக்கிழமை பன்னெண்டு மணிக்கு இது இலையில இருக்கணும். தகரம் இல்லாம இலை போட்டா பூட்டன் எந்தத் தோட்டம், எந்த லயத்து வீடுன்னு தேடுவாரு? இதுதான அவரு அட்ரஸ்.”

தபால்காரனிடம் முகவரியின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. கொப்பியில் எழுதிக்கொண்டேன்: ‘தகரம் – சட்டைப் பை. மற்றவை எல்லாம் – கால்சட்டைப் பை.’

செவ்வாய்க்கிழமை ரயில் கொட்டகலையில் எங்களை ஏற்றிக்கொண்டபோது பரமேஸ்வரி இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தாள். கம்பளை தாண்டியதும் ஒன்றைக் கழற்றினாள். பொல்காவலையில் மற்றதையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “இவங்க எல்லாம் எப்படிங்க உயிரோட இருக்காங்க?” என்று சன்னலுக்கு வெளியே நின்றவர்களைப் பார்த்துக் கேட்டாள். காலையில் சுட்டுக் கட்டிக்கொண்டு வந்த தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் பத்து மணிக்கே தீர்ந்துவிட்டன. எதிரே இருந்த சிங்களத் தம்பதிக்கு அவள் பாதி கொடுத்ததுதான் காரணம். பதிலுக்கு அவர்கள் கொடுத்த அவித்த சோளத்தைக் கொழும்பு வரை தின்றுகொண்டு வந்தோம்.

ஓட்டல் வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்கும் ஓர் ஒழுங்கையில். ஐந்து மாடி. எங்களுக்கு நான்காவது. லிப்டுக்குள் பரமேஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு பொது இடத்தில் அவள் என் கையைப் பிடித்தது இது இரண்டாவது முறை. முதல் முறை கதிர்காமத்தில், கூட்டத்தில்.

அறையில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்தாள். “விறகு இல்ல, புகை இல்ல, திருகுனா வருது.” பிறகு கட்டிலில் உட்கார்ந்து லேசாகக் குதித்துப் பார்த்தாள். தேநீர் கொண்டுவரச் சொன்னேன். வந்தது. ஒரு வாய் குடித்தாள். கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“என்ன?” என்றேன்.

“ஒண்ணுமில்ல. நாம பறிச்சதுல நல்லது எல்லாம் கப்பல்ல போயிருச்சு போல. இது அடியில மிஞ்சுனது.” ஆனாலும் முழுக்கக் குடித்தாள். வேறு யாரோ போட்டுக் கொடுத்தது அல்லவா?

புதன் காலை நான்கரைக்கு விழித்தபோது அறையில் விளக்கு எரிந்தது. விரிப்பை இழுத்து மடித்து, தலையணைகளை அடுக்கி, குளியலறைத் தரையைத் துண்டால் துடைத்து முடித்திருந்தாள். எட்டு மணிக்கு அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் கதவருகில் நின்று திகைத்துப் போனாள். பெயர் அமலா, வலப்பனைப் பக்கம். பேச்சைக் கேட்டதும் நாங்கள் யார் என்று அவளுக்கும், அவள் யார் என்று எங்களுக்கும் தெரிந்துவிட்டது.

“அக்கா, இதெல்லாம் நீங்களே செஞ்சிட்டா எனக்கு என்ன வேலை? மேலே இருக்கவங்க பார்த்தா இந்தப் பொண்ணு எதுக்குன்னு என்னைய அனுப்பிருவாங்க.”

“அப்படியா? நில்லு நில்லு,” என்று பரமேஸ்வரி அவசரமாக விரிப்பைக் கலைத்துவிட்டாள். இருவரும் சிரித்தார்கள்.

நூதனசாலைக்கு முச்சக்கரவண்டியில் போனோம். பாதி வழியில் ஆக்சிலேட்டர் கம்பி அறுந்தது. ஓட்டுநர் பதறவில்லை. இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்துக் கட்டி, மறுமுனையைப் பின்னால் நீட்டி, “அம்மா, நான் சொல்லும்போது இழுங்கள், நிறுத்தச் சொன்னால் விடுங்கள்,” என்று சிங்களத்தில் சொன்னார். மூன்று நாற்சந்தி தாண்டும் வரை அந்த வண்டியின் வேகம் பரமேஸ்வரியின் கையில் இருந்தது. இறங்கும்போது அவர், “உங்கள் கை நிதானமான கை,” என்றார். “கொழுந்து பறிச்ச கை,” என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள். அவள் சிங்களம் சந்தைச் சிங்களம், என்னுடையது அலுவலகச் சிங்களம். எது மனிதருக்குச் சீக்கிரம் புரியும் என்பதை வெள்ளிக்கிழமை தெரிந்துகொண்டேன்.

அது எந்த நூதனசாலை என்று எழுதவில்லை. நடந்த தவறு அவர்களுடையது அல்ல, என்னுடையது. வாசலுக்கு அருகில் பொதி வைக்கும் அறை. எங்கள் மஞ்சள் பையை வாங்கி வைத்துக்கொண்டு, அங்கிருந்த மனிதர் ஒரு டோக்கன் தந்தார். வட்டமான அலுமினியத் துண்டு. மேலே துளை, நடுவில் எண். கால்சட்டைப் பையில் போட்டேன், திட்டப்படி.

மேல்மாடி அலுவலகத்தில் கடிதத்தை நீட்டினேன். அங்கிருந்த எழுத்தர் படித்துவிட்டு, “மேடம் லீவில். திங்கட்கிழமைதான் வருவார்,” என்றார்.

“புதன்கிழமைகளில் இருப்பேன் என்று எழுதியிருக்கிறாரே?”

“எழுதும்போது இருந்தார்.”

பிளாஸ்டிக் உறையிலிருந்து தகரத்தை எடுத்துக் காட்டினேன். அவர் எழும்பாமலே பார்த்துத் தலையாட்டினார். உறையைக் கைதவறிக் கீழே போட்டேன், பரமேஸ்வரி எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள். தகரத்தை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். உறையில்லாமல் வைத்தது திட்டத்திலிருந்து ஒரு சிறிய விலகல். அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

கீழே செப்புச் சிலைகள், நாணயங்கள், பழைய மரக்கால்கள், முகமூடிகள். ஒரு மூலையில் கண்ணாடிக்குப் பின்னால் கொழுந்து பறிக்கும் பெண்ணின் பொம்மை. பரமேஸ்வரி அங்கே நின்றுவிட்டாள்.

“என்னங்க, கூடைக் கயித்த தோள்ல மாட்டி வச்சிருக்காங்க.”

“பொம்மைதானே.”

“பொம்மையா இருந்தா என்ன? தோள்ல மாட்டுனா அரை நாளைக்குத் தாங்குமா? தலையில மாட்டணும். அப்புறம் பாருங்க, ஒத்தக் கையால பறிக்குது. இந்த மாதிரி ஒரு ஆளு எங்க மலையில இருந்திருந்தா கண்டாக்கையா அன்னைக்கே தேயிலைக்குள்ள நின்னு அழுதிருப்பாரு.”

பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். பொம்மையை விட்டுவிட்டு அவள் கைகளைப் பார்த்தார்கள். காற்றில் பறித்துக் காட்டினாள், இரண்டு கையாலும், பார்க்காமலே பின்னால் எறிந்து. ஆசிரியை கைதட்டினார். எங்கள் பயணத்தின் மிக நல்ல பத்து நிமிடம் அதுதான் என்று அப்போதே கொப்பியில் எழுதினேன். எழுதிக்கொண்டே வாசலுக்கு வந்தேன். பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வெளியே வந்ததால் பொதி அறையில் நெரிசல். பரமேஸ்வரி கையை நீட்டி, “அந்த மஞ்சப் பை எங்களுது,” என்றாள். நான் பையிலிருந்து வட்டத் துண்டை எடுத்துக் கொடுத்தேன். அந்த மனிதர் பார்க்காமல் பெட்டிக்குள் போட்டார். கணீரென்று சத்தம் கேட்டது. அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

மாலை ஆறு மணிக்கு ஓட்டல் அறையில் பரமேஸ்வரி விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கையை நீட்டினாள். “தகரத்த குடுங்க. மடிச்சு வைப்போம்.”

சட்டைப் பைக்குள் கைவிட்டேன். வெறும் பை. கால்சட்டைப் பைக்குள் விட்டேன். வந்தது அலுமினிய டோக்கன்.

அவள் அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள். விபூதிப் பொட்டலத்தை மறுபடி மடித்தாள். “எத்தன மணிக்கு மூடுவாங்க?” என்று மட்டும் கேட்டாள். ஐந்துக்கே மூடிவிட்டார்கள். நாளைக்குப் போயா.

வியாழக்கிழமையைப் பற்றி என் கொப்பியில் திட்டம் மட்டும்தான் இருக்கிறது, நடந்தது இல்லை. இப்போது நினைவிலிருந்து எழுதுகிறேன். காலையில் போய்ப் பார்த்தோம். கேட்டில் இரும்புச் சங்கிலி. உள்ளே இருந்த காவலாளி, “நாளைக்கு ஒன்பது மணிக்கு,” என்றார். உள்ளே ஒரு பொருள் இருக்கிறது என்றேன். “உள்ளே நிறையப் பொருள் இருக்கிறது, ஐயா. அதற்குத்தானே நூதனசாலை,” என்றார்.

குப்பையில் கொட்டியிருப்பார்களா? யாராவது பிள்ளை எடுத்துக்கொண்டிருக்குமா? மச்சானிடம் என்ன சொல்வது? அவர் என்னைத் திட்டமாட்டார், அது தெரியும். தங்கச்சியைத்தான் கேட்பார். உன் வீட்டுக்காரர் கேட்டார் என்றுதானே கொடுத்தேன் என்பார். நூறு வருடத்துக்கும் மேலாக எத்தனையோ கை மாறித் தொலையாத ஒன்று, என் சட்டைப் பையில் இரண்டு நாள்கூடத் தங்கவில்லை.

ஓட்டலுக்குத் திரும்பியபோது அமலா நடைபாதையில் நின்றிருந்தாள். பரமேஸ்வரியின் முகத்தைப் பார்த்தவுடனே என்ன என்று கேட்டாள். கேட்டுவிட்டு, “அந்தோனியாருக்கு நேந்துக்கங்க அக்கா. காணாமப் போனதுக்கு அவருதான். எங்க லயத்துல மாடு காணாமப் போனா சைவக்காரங்களே அவருகிட்டதான் போவாங்க,” என்றாள்.

பரமேஸ்வரி என்னைப் பார்த்தாள். “பார்த்தீங்களா? சாமி கும்பிடாத பயணம்னு சொன்னேன்.” முந்திய மாலைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது. அதற்காகவே அந்தோனியாருக்கு நன்றி சொல்லலாம்.

மதிய வெயிலில் அந்தோனியார் கோயிலுக்குப் போனோம். முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் நெற்றியில் பொட்டு வைத்தவர்கள். அவள் மெழுகுவர்த்தி ஏற்றினாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்கவில்லை. அவள் உதடு அசைந்ததைப் பார்த்தால் அது வேண்டுதலை விட வாக்குமூலம் போலத்தான் இருந்தது. அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

மாலையில் திட்டப்படி காலிமுகத்திடல். போயா நாள் கூட்டம், பட்டங்கள், இறால் வடை. கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு வடையை இரண்டாகப் பிய்த்தோம். இறால் இருந்த பாதியை அவள் என்னிடம் நீட்டினாள். மன்னித்துவிட்டாள் என்று அர்த்தமா, அவளுக்குப் பசியில்லை என்று அர்த்தமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சாப்பிட்டேன்.

வெள்ளி காலை எட்டு மணிக்கே அறையைக் காலி செய்துவிட்டு நூதனசாலைக் கேட்டில் நின்றோம். இரண்டாவது நூதனசாலை திட்டத்திலிருந்து போய்விட்டது. ஒன்பது அடிக்க முன்னரே பொதி அறைக்காரர் வந்தார். டோக்கனை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

“வாருங்கள் ஐயா. உங்களால் புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குத் தாமதமாகப் போனேன்.”

நடந்தது இதுதான். மாலையில் டோக்கன்களை எண்ணியபோது ஒன்று குறைந்தது, துருப்பிடித்த ஒரு தகரம் கூடியிருந்தது. காட்சிப் பெட்டி ஏதோ ஒன்றிலிருந்து விழுந்த பொருள் என்று நினைத்து அவர் அதை மேலே கொண்டுபோயிருக்கிறார். மேலே இருந்தவர்கள் ஒவ்வொரு கூடமாகப் பட்டியலோடு சரிபார்த்திருக்கிறார்கள். எதுவும் குறையவில்லை. பிறகு கண்டெடுத்த பொருள்களின் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

கையை நீட்டினேன். பரமேஸ்வரி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“ஆனால் சும்மா தர முடியாது,” என்றார் அவர். “பொருளைக் காட்டும் முன் நீங்கள் அடையாளம் சொல்ல வேண்டும். நான் எழுதிக்கொள்ள வேண்டும். அதுதான் விதி.”

விதி என்றதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. அலுவலகச் சிங்களத்தில் தொடங்கினேன். விட்டம், துளை, எழுத்து, எண், எழுத்து மாவட்டத்தைக் குறிக்கும் என்பது, பின்பக்கம் மூன்று கோடுகள், அவை கங்காணியின் குழு அடையாளம் என்று கருத இடமிருப்பது. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“ஐயா, இதெல்லாம் ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்த யாரும் சொல்லலாம். புதன்கிழமை எழுபது பிள்ளைகள் வந்தார்கள். வீட்டுக்காரனுக்கு மட்டும் தெரிந்தது ஏதாவது இருக்கிறதா?”

கொப்பியைப் புரட்டினேன். நான்கு பக்கம் எழுதியவனிடம் அப்படி ஒரு வரி இல்லை.

“நான் சொல்றேன்,” என்றாள் பரமேஸ்வரி. பிறகு அவரைப் பார்த்துச் சந்தைச் சிங்களத்தில் பேசினாள். “பின்னால் இருக்கிற கோட்டைப் பாருங்கள். ஒன்று விளிம்பு வரைக்கும் ஓடி வழுக்கியிருக்கும். அது வழுக்கியது என் கை. லயத்துக்குப் பின்னால் அண்ணனோடு பாண்டி விளையாடும்போது இதைத்தான் சில்லாக எறிவேன். ஓட்டாஞ்சில்லு உடைந்து போகும், இது உடையாது. அண்ணனைத் தோற்கடித்தால் ஆணியால் ஒரு கோடு. எனக்கு அப்போது எட்டு வயது. விளையாடிவிட்டு யாருக்கும் தெரியாமல் சாமித் தட்டில் வைத்துவிடுவேன். இன்றைக்கு வரைக்கும் ஒருவருக்கும் தெரியாது.” என் பக்கம் திரும்பித் தமிழில், “உங்களுக்கும்தான்,” என்றாள்.

அவர் பெட்டியைத் திறந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தகரத்தைத் திருப்பிப் பிடித்தார். விளிம்பு வரைக்கும் ஓடிய கோட்டை நகத்தால் தடவிப் பார்த்தார். தோள் குலுங்கச் சிரித்தார்.

“கட்டம் தாண்டுகிற விளையாட்டா? நாங்கள் உடைந்த ஓட்டை வைத்து ஆடினோம். நீங்கள் முப்பாட்டனை வைத்து ஆடியிருக்கிறீர்கள்!” புத்தகத்தில் ஒரே வரி எழுதினார். கையெழுத்துப் போடச் சொன்னார், என்னை அல்ல, அவளை.

வாசல் மரத்தடியில் உட்கார்ந்தோம். அவள் தகரத்தை விபூதித் துணியில் சுற்றித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். சட்டைப் பை பற்றிய பேச்சே எழவில்லை.

“நான் நாலு பக்கம் எழுதும்போது நீ ஏன் சொல்லல?”

“எவ்வளவு சந்தோசமா எழுதுனீங்க. நேத்து வரைக்கும் சொல்லலாமா வேணாமான்னு இருந்துச்சு. அந்தோனியார்கிட்ட மட்டும் சொன்னேன். அவரு உங்ககிட்டயும் சொல்ல வச்சிட்டாரு.”

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. தகரம் கிடைத்துவிட்ட நிம்மதி ஒரு பக்கம். மேல்மாடி அதிகாரி அன்று லீவில் இருந்த நிம்மதி அதைவிடப் பெரியது. அவர் இருந்திருந்தால், ஒரு சிறுமியின் பாண்டி விளையாட்டுக் கணக்கைக் கங்காணிகளின் மரபு என்று அவர் முன்னால் உட்கார்ந்து விளக்கியிருப்பேன்.

திரும்பி வந்தது பஸ்ஸில். கினிகத்தேனை ஏற்றத்தில் குளிர் முகத்தில் அடித்ததும் பரமேஸ்வரி முதல் ஸ்வெட்டரைப் போட்டாள். ஹட்டனில் இரண்டாவது. பஸ்நிலையக் கடையில் தேநீர் குடித்தாள். “இதுவும் வேற யாரோ போட்டதுதான்,” என்றாள். “ஆனா இது தேத்தண்ணி.”

சனிக்கிழமை 15.03.2025, பதினொன்றரை மணி. அக்கரப்பத்தனையில் ராசு மச்சான் வீட்டில் இலை விரித்து ஈரக் கையோடு நின்றிருந்தார். பரமேஸ்வரி இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் துணியைப் பிரித்துத் தகரத்தைக் கண்ணில் ஒற்றி இலையின் நுனியில் வைத்தார். பிறகு சோறு, கோழிக்கறி, கருவாடு, அவித்த முட்டை, ஒரு சுருட்டு. பூட்டனுக்கு வழி தெரியும்படி எல்லாம் இருந்தது.

சாப்பிடும்போது மச்சான் கேட்டார். “கொழும்புல என்ன சொன்னாங்க மச்சான்? அந்த மூணு கோடு நீங்க சொன்ன மாதிரி கங்காணி போட்டதுதானாமா?”

பரமேஸ்வரி எனக்குக் குழம்பு ஊற்ற வந்தாள். கரண்டி என் இலைக்கு மேலே நின்றது.

“அந்த அதிகாரி லீவுல போயிட்டாங்க மச்சான். இன்னும் உறுதியாகல.”

கரண்டி சாய்ந்தது. நிறையவே ஊற்றினாள்.

பின்னேரம் கொட்டகலை பஸ்ஸில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. கொப்பியை எடுத்து, கங்காணி அடையாளம் பற்றிய நான்கு பக்கத்திலும் குறுக்குக் கோடு போட்டேன். அடியில் தேதி எழுதினேன். காரணம் எழுத வேண்டும் அல்லவா? எழுதினேன்: ‘மூன்று கோடுகளும் பரமேஸ்வரி கீறியவை. வயது எட்டு.’

பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் என் கையைத் தட்டினாள்.

“என்னங்க எழுதுறீங்க? மூணு இல்ல. ரெண்டு.”

“மூணு கோடு இருக்கே.”

“அண்ணன ரெண்டு தடவதான் ஜெயிச்சேன். அவன் கள்ள ஆட்டம் ஆடுவான். நடுவுல இருக்குல்ல, ஆழமா, நேரா, அது நான் எடுக்கும்போதே இருந்துச்சு. அதப் பார்த்துத்தான் எனக்கும் கோடு போடணும்னு தோணுச்சு.”

பஸ் லிந்துலையில் நின்று மறுபடி கிளம்பியது. பிறகு எழுதியதை அடித்துத் திருத்தினேன். கொப்பியில் கடைசியாக உள்ள குறிப்பு இது:

‘15.03.2025. இடக்கோடும் வலக்கோடும்: பரமேஸ்வரி, பாண்டி விளையாட்டு. நடுக்கோடு: அதற்கு முந்தியது. யார் கீறியது, எப்போது, எதற்கு என்று தெரியவில்லை. சரிபார்க்கப்படவில்லை.’